ஓட்டு விழாத கட்சிகள் சட்டத்தை எப்படிப் பிடித்து வைக்கின்றன?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். "பாகிஸ்தானில் மதக் கட்சிகளுக்கு மக்கள் பெரிதாக ஓட்டுப் போடுவதில்லை என்கிறார்கள். ஆனால் பெண்கள் பாதுகாப்பு, மத நிந்தனை, திருமண வயது என்று எந்தச் சட்டத்தைத் தொடப் போனாலும் அவர்களைத் தாண்டிப் போக முடியவில்லையே, ஏன்?" என்பது கேள்வி. ஓட்டே இல்லாத இடத்தில் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் சட்ட மாணவர்களுக்குத் தெற்காசியக் குடும்பச் சட்டங்களைக் கற்பித்தவன் நான். பாகிஸ்தானின் தீர்ப்புகள், அரசியலமைப்புத் திருத்தங்கள், விசாரணைக் குழு அறிக்கைகள் எல்லாம் பாடத்துக்காகத் திரும்பத் திரும்பப் படித்தவை. ஆனால் அந்த ஊர் மேடைகளின் முன்னால் நின்று அரசியல் பார்த்தவன் அல்ல. அதனால் சட்டம் பற்றி உறுதியாகப் பேசுவேன். தெரு அரசியல் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானமாகவே பேசுவேன்.

முதலில் ஓட்டு விஷயம். அது உண்மைதான். 1970இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நேரடித் தேர்தல் நடந்த 300 இடங்களில் ஜமாஅத்தே இஸ்லாமிக்குக் கிடைத்தது 4. ஜம்இய்யத்துல் உலமாயே இஸ்லாமுக்கு 7, ஜம்இய்யத்துல் உலமாயே பாகிஸ்தானுக்கு 7. மூன்றும் சேர்ந்து 18. இதற்குப் பெரிய விதிவிலக்கு 2002 மட்டும். ஆப்கானிஸ்தான் மீது அமெரிக்கா படையெடுத்த கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு கட்சிகள் முத்தஹிதா மஜ்லிஸே அமல் என்ற பெயரில் ஒன்றாக நின்று வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் ஆட்சியையே பிடித்தன. அந்தக் கூட்டணியும் 2008 தேர்தலோடு கரைந்துபோனது.

அப்படியென்றால் மதத்தின் பெயரில் வந்த சட்டங்களை எழுதியது யார்? மாணவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லும் அஹ்மதியா பிரிவினரை 1974இல் முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்த, அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது ஆட்சியில் இருந்தவர் சோஷலிசம் பேசிய சுல்ஃபிகர் அலி பூட்டோ. அவர் கட்சிக்கு நல்ல பெரும்பான்மை இருந்தது. மே 29ஆம் தேதி அஹ்மதியாக்களின் தலைமையிடமான ரப்வாவின் ரயில் நிலையத்தில் அவர்களுக்கும் மாணவர்களுக்கும் நடந்த கைகலப்பு கிளர்ச்சியாக மாறி, கோடை முழுவதும் ஊர் ஊராகப் பரவியது. பூட்டோ விஷயத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். செப்டம்பர் 7ஆம் தேதி, எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட இல்லாமல் திருத்தம் நிறைவேறியது. நான்கு உறுப்பினர் வைத்திருந்த கட்சியால் அவையில் இதைச் செய்திருக்கவே முடியாது. ஆனால் "இதை எதிர்த்துக் கை தூக்கினால் என் தொகுதிக்குள் நான் போக முடியுமா?" என்ற கேள்வியை மற்ற எல்லா உறுப்பினர்களின் மனதிலும் அவர்களால் போட முடிந்தது. அது போதுமானதாக இருந்தது.

பூட்டோவுக்கு அந்த விட்டுக்கொடுப்பு உதவவும் இல்லை. 1977 ஏப்ரலில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் போராட்டம் முற்றியபோது மதுவைத் தடை செய்தார், சூதாட்டத்தையும் குதிரைப் பந்தயத்தையும் நிறுத்தினார், வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கினார். மூன்றே மாதத்தில், ஜூலை 5 அன்று, ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். திருமணத்துக்கு வெளியேயான உறவு, திருட்டு போன்றவற்றுக்கு மார்க்கத்தின் பெயரில் தண்டனை வகுத்த ஹுதூத் சட்டங்கள் 1979 பிப்ரவரியில் ஜியாவின் கையெழுத்தில் வந்தன. நாடாளுமன்றமே அப்போது இல்லை. ஜமாஅத்தே இஸ்லாமிக்காரர்கள் சில மாதம் அவருடைய அமைச்சரவையில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் சட்டம் வந்தது படைத்தளபதியின் மேஜையிலிருந்து. பிறகு 1985இல் எட்டாவது திருத்தம் ஜியா பிறப்பித்த உத்தரவுகளுக்கெல்லாம் அரசியலமைப்புப் பாதுகாப்பும் கொடுத்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், மதக் கட்சிகளின் பலம் சட்டம் கொண்டுவருவதில் இருப்பதாக நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே விளங்காது. கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். ஒருமுறை வந்த சட்டத்தைத் திரும்ப எடுக்க விடாமல் காவல் நிற்பதில்தான் அந்தக் கட்சிகளின் பலம் இருக்கிறது. காவல் நிற்க நிறைய ஓட்டு வேண்டாம்.

அந்தக் காவலுக்குச் சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. 1980இல் ஜியா உருவாக்கிய ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம். ஒரு சட்டம் குர்ஆனுக்கும் சுன்னாவுக்கும் (நபியின் வழிமுறைக்கும்) முரணானது என்று எந்தக் குடிமகனும் அங்கே மனுப் போடலாம். கட்சியே நேரில் வர வேண்டியதில்லை. மத நிந்தனைச் சட்டத்தின் 295-சி பிரிவு 1986இல் வந்தபோது தண்டனை மரணம் அல்லது ஆயுள் என்று இருந்தது. 1990இல் இந்த நீதிமன்றம், ஆயுள் தண்டனை என்ற மாற்று மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்து, அதை நீக்க 1991 ஏப்ரல் 30 வரை கெடு வைத்தது. அதன் பிறகு மரணம் மட்டுமே தண்டனை என்றாகிவிட்டது. அதற்காக நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியிருக்கவில்லை. 2018இல் பல கட்சிகள் சேர்ந்து நிறைவேற்றிய திருநர் உரிமைச் சட்டமும் இப்படித்தான். அதை எதிர்த்து மனுப் போட்டவர்களில் ஜமாஅத்தே இஸ்லாமியின் செனட்டர் முஷ்தாக் அகமதும் ஒருவர். 2023 மே மாதம், தன் பாலின அடையாளத்தை ஒருவர் தானே சொல்லிக்கொள்ளலாம் என்ற அதன் மையமான பகுதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது.

ஆனால் இதே நீதிமன்றத்தை ஒரே குரலில் பேசும் மன்றமாக நினைத்துவிடாதீர்கள். 1981இல் கல்லெறிந்து கொல்லும் தண்டனை இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்ததும் இதுதான். ஜியா நீதிபதிகளை மாற்றி அமைத்தார். மறுஆண்டு அதே நீதிமன்றம் அதே தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. 1983இல் பார்வைக் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் தான் பலாத்காரம் செய்யப்பட்டதாகச் சொன்னபோது, ஆண்கள் மீது ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டு, அவள் கர்ப்பத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, கீழ் நீதிமன்றம் அவளுக்கு மூன்று ஆண்டு சிறையும் பதினைந்து கசையடியும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. பெண்கள் இயக்கம் கொதித்தெழுந்தது. அந்த வழக்கைத் தானாக எடுத்து அவளை விடுவித்ததும் ஷரியத் நீதிமன்றம்தான். இந்த வழக்கை எத்தனை முறை நடத்தினாலும் வகுப்பு அமைதியாகிவிடும். பலாத்காரப் புகார் கொடுக்க வந்தவள் குற்றவாளிக் கூண்டில் போய் நின்றாள் என்பதை விளக்க எந்தச் சட்டப் புத்தகமும் தேவைப்படாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாற்றம் நடந்திருக்கிறது. 1961இல் ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் கொண்டுவந்த முஸ்லிம் குடும்பச் சட்டம் அன்றைய உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பலரும் எதிர்த்த சட்டம். ஜமாஅத்தே இஸ்லாமியின் நிறுவனர் மௌலானா மௌதூதி எதிர்த்தார். அதற்கு முன் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் இருந்த ஒரே மார்க்க அறிஞரான மௌலானா இஹ்திஷாமுல் ஹக் தானவி நீண்ட மறுப்புக் குறிப்பு எழுதினார். சட்டம் என்ன செய்தது? நிக்காஹைப் பதிவு செய்யச் சொன்னது. இரண்டாவது திருமணத்துக்கு நடுவர் குழுவின் அனுமதி வேண்டும் என்றது. தலாக் சொன்னவர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து 90 நாள் கழித்தே அது செல்லும் என்றது. அப்புறம் அதன் நான்காவது பிரிவு. தாத்தா உயிரோடு இருக்கும்போதே தகப்பன் இறந்துபோனால், பெரியப்பா சித்தப்பாக்கள் இருக்கும் வரை அந்தப் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கு இல்லை என்பது பழைய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) விதி. தகப்பனுக்கு வந்திருக்க வேண்டிய பங்கு பிள்ளைகளுக்குப் போகட்டும் என்றது 1961 சட்டம்.

அறுபது ஆண்டுக்கு மேலாக இந்தச் சட்டம் நிற்கிறது. ஜியாவே அதை நீக்கவில்லை. ஷரியத் நீதிமன்றத்தை உருவாக்கும்போது முஸ்லிம் தனிநபர் சட்டத்தை அதன் எல்லைக்கு வெளியே வைத்தவர் அவர்தான். பின்னாளில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைக் குறுக்கி விளக்கியதால் கதவு திறந்தது. 2000 ஜனவரியில் ஷரியத் நீதிமன்றம் அந்த நான்காவது பிரிவும், தலாக் பிரிவின் சில பகுதிகளும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தப் பேரப்பிள்ளைகள் பங்கை இழந்துவிடவில்லை. காரணம் அரசியலமைப்பின் 203-டி பிரிவில் இருந்த ஒரு சிறிய வாசகம். ஷரியத் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போட்டால், அது முடியும் வரை தீர்ப்பு நடைமுறைக்கு வராது. தடையுத்தரவு கேட்க வேண்டியதே இல்லை. மேல்முறையீட்டைப் போட்டுவிட்டு விசாரணைக்கு எடுக்காமல் வைத்திருந்தால் போதும். வட்டி ஒழிப்புத் தீர்ப்பும் 1991இல் வந்து, 1999இல் உறுதியாகி, 2002இல் திரும்ப அனுப்பப்பட்டு, 2022 ஏப்ரலில் மறுபடி வந்து, முப்பது ஆண்டாக இந்த ஏணியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு முதியவரின் சொத்துப் பங்கீடு முதல் நாட்டின் வங்கிக் கணக்கு வரை இந்த ஒரே வாசகத்தில் தொங்கியது என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் 2024 அக்டோபரில் வந்த 26ஆவது திருத்தம் முக்கியம். அதைப் பற்றிய செய்தியெல்லாம் தலைமை நீதிபதி நியமனத்தைச் சுற்றியே இருந்தது. அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுத் தேவைப்பட்டது. ஜம்இய்யத்துல் உலமாயே இஸ்லாம் தலைவர் மௌலானா ஃபஸ்லுர் ரஹ்மானிடம் தேசிய அவையில் எட்டுப் பேர், செனட்டில் ஐந்து பேர். வாரக்கணக்கில் எல்லாத் தரப்பும் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தது. அவர் வாங்கிக்கொண்டவற்றில் ஒன்று, 2028 ஜனவரி 1க்கு முன் இயன்ற வரை வட்டியை ஒழிக்க வேண்டும் என்ற அரசியலமைப்பு வாசகம். அதே திருத்தத்தில் 203-டியும் மாறியது. இனி மேல்முறையீட்டைப் பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இல்லையென்றால், உச்ச நீதிமன்றம் தனியாக நிறுத்தி வைத்தாலொழிய, ஷரியத் நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்துவிடும். பதின்மூன்று ஓட்டுக்கு இவ்வளவு விலை எப்படி என்று கேட்டால், அந்தப் பதின்மூன்றும் தராசு சமமாக நின்ற நேரத்தில் வந்தவை.

மாறிய சட்டங்கள் எந்த வழியில் மாறின என்பதற்கு 2006 பெண்கள் பாதுகாப்புச் சட்டம் நல்ல உதாரணம். பலாத்காரத்தை ஹுதூத் சட்டத்திலிருந்து எடுத்து மறுபடி சாதாரணக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது அது. பலாத்காரப் புகார் நிரூபணமாகாவிட்டால் அது பெண்ணின் மீதே ஜினா (திருமணத்துக்கு வெளியேயான உறவு) வழக்காகத் திரும்புவதையும் தடுத்தது. நீதிபதி மஜிதா ரிஸ்வி தலைமையிலான குழு ஹுதூத் சட்டங்களையே முழுவதுமாக நீக்கச் சொல்லி 2003இலேயே பரிந்துரைத்திருந்தது. அரசு நீக்கவில்லை, திருத்தியது. அவைக்கு வெளியே உலமாக்கள் குழு ஒன்றோடு பேசினார்கள். அந்தப் பேச்சின் விலையாக, திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொள்வதைக் குற்றமாக்கும் புதுப் பிரிவு ஒன்று, 496-பி, உள்ளே வந்தது. மதக் கட்சிகள் ராஜினாமா செய்வோம் என்று சொன்னார்கள், செய்யவில்லை. மாகாண ஆட்சி கையில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். படைத்தளபதி அதிபராக இருக்க வேண்டியிருந்தது, எதிர்க்கட்சியான பெனசீரின் கட்சி சேர்ந்து ஓட்டுப் போட வேண்டியிருந்தது, அதற்கு மேலும் ஒரு விட்டுக்கொடுப்பு வேண்டியிருந்தது. ஒரு பெண் பயப்படாமல் காவல் நிலையம் போக, இவ்வளவும் ஒரே நேரத்தில் அமைய வேண்டியிருந்தது.

மத நிந்தனைச் சட்டத்தில் இதுகூட நடக்கவில்லை. அங்கே காவல் நிற்பது கட்சி மட்டும் இல்லை, பயம். 2010 கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஷெர்ரி ரஹ்மான் மரண தண்டனையை நீக்க ஒரு மசோதா கொடுத்தார். பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஆசியா பீபிக்காகப் பேசினார். 2011 ஜனவரி 4 அன்று தாசீரை அவருடைய சொந்தப் பாதுகாவலனே சுட்டுக் கொன்றான். மார்ச் 2 அன்று சிறுபான்மை அமைச்சர் ஷாபாஸ் பட்டி கொல்லப்பட்டார். இரண்டு கொலைக்கும் நடுவிலேயே மசோதா கைவிடப்பட்டது. தாசீரைக் கொன்றவனை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தபோது வழக்கறிஞர்கள் சிலர் ரோஜா இதழ் தூவினார்கள். சட்டம் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தப் படத்தை வகுப்பில் காட்ட எனக்கு மனம் வரவே இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் கொலைக்குப் பூத் தூவியதை எந்தப் பாடத்தின் கீழ் வைப்பது?

2017இல் பிரச்சினை ஒரே ஒரு சொல்லில் வந்தது. புதிய தேர்தல் சட்டத்தில், நபித்துவத்தின் இறுதித்தன்மை (முஹம்மது நபியே கடைசி நபி என்பது) பற்றி வேட்பாளர் தரும் வாக்குமூலத்தில், "சத்தியம் செய்கிறேன்" என்ற பொருளில் இருந்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்திருந்தது. அரசு சில நாளிலேயே பழைய சொல்லைத் திரும்ப வைத்துவிட்டது. அது போதாது என்று காதிம் ரிஸ்வியின் தஹ்ரீக்கே லப்பைக் என்ற மதக் கட்சியின் ஆட்கள் ராவல்பிண்டியும் இஸ்லாமாபாதும் சேரும் ஃபைஸாபாத் சந்திப்பில் நவம்பரில் மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். சட்ட அமைச்சர் ஜாஹித் ஹமீது ராஜினாமா செய்த பிறகுதான் எழுந்தார்கள். மறுஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி 20 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியது. தேசிய அவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

சரி, இதில் எது உறுதி, எது சந்தேகம்? இடங்கள் குறைவு என்பது உறுதி. முக்கியமான சட்டங்களை எழுதியவர்கள் அவர்கள் அல்ல என்பதும், நீக்குவது திருத்துவதைவிடப் பல மடங்கு கடினம் என்பதும் ஆவணத்தில் இருக்கிறது. அந்தப் பலத்தில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு ராணுவம் கடனாகக் கொடுத்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஃபைஸாபாத் மறியல் பற்றி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உளவு அமைப்புகள் தங்கள் எல்லையைத் தாண்டக் கூடாது என்று கடுமையாகவே சொன்னது. ஆனால் பின்னால் கை இருந்தது என்பதை வைத்து முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் உணர்ச்சி பொய் என்று சொல்லிவிட முடியாது. அதே போல, சட்டத்தைச் சமுதாயம் இறுக்கியதா, சமுதாயத்தைச் சட்டம் இறுக்கியதா என்பதும் வாதத்துக்கு உரியது. இரண்டாவதற்கே அதிக பங்கு என்று நான் நினைக்கிறேன். 295-சிக்கு முன்னும் பின்னும் வந்த வழக்குகளின் வேறுபாட்டைப் பார்த்தவர்கள் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். நிரூபணம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

இதை "முஸ்லிம் நாடுகள்" என்று பொதுவாக்கவும் வேண்டாம். மொராக்கோவில் 2004இல் குடும்பச் சட்டம் பெரிய அளவில் மாறியது. முதலில் எதிர்த்து ஊர்வலம் போன இஸ்லாமியக் கட்சியே கடைசியில் நாடாளுமன்றத்தில் ஆதரித்தது. அங்கே மன்னர் மார்க்கத் தலைவராகவும் இருப்பதால், மார்க்கத்தின் பெயரில் பேசும் உரிமைக்குக் கட்சிகளிடையே ஏலம் நடக்கவில்லை. பாகிஸ்தானில் அந்த ஏலம், அரசியலமைப்புக்கு இஸ்லாமிய அடிப்படை வகுத்த தீர்மானம் வந்த 1949 முதல் நடக்கிறது.

கடைசியாக, கட்சியும் நீதிமன்றமும் தொடாத ஓர் இடம். 1961 சட்டத்தின் கீழ் வந்த நிக்காஹ் படிவத்தில் 18ஆவது கட்டம் ஒன்று இருக்கிறது. விவாகரத்து செய்யும் உரிமையைக் கணவர் மனைவிக்கு ஒப்படைத்திருக்கிறாரா என்று அது கேட்கிறது. மார்க்க அறிஞர்கள் காலங்காலமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அதை நீக்கச் சொல்லி யாரும் சாலையில் உட்காரவில்லை. ஆனால் நிக்காஹ் பதிவாளர்கள் பலர் மணமகளிடம் படிவம் போவதற்கு முன்பே அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். பஞ்சாப் மாகாணம் 2015இல் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கட்டங்களையும் மணமக்களைக் கேட்டே நிரப்ப வேண்டும், தவறினால் தண்டனை என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஊர்ப் பெண் வழக்கறிஞர்கள் கல்யாணத்துக்குப் போகும் தோழிகளிடம் இன்றும் முதலில் சொல்வது, கையெழுத்துப் போடும் முன் 18ஆவது கட்டத்தைப் பார் என்பதுதான்.